முப்பத்தோராவது பத்தி

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஸ்பேனரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே ஒரு நிமிஷம் மேலே பார்த்து யோசிப்பார். அடித்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்துக்கு அடுத்த அறை அவளுடையது. கூடத்து நீராவி சுவரைத் தாண்டி வந்து அந்த அறையை எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும். பதினேழு வருஷமாக அங்கே உட்கார்ந்து, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியிலிருந்து ஆபரேஷன் மேஜையின் கால் வரைக்கும் எது மக்கர் பண்ணினாலும் சரிசெய்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை இயக்குநர் அழைக்கிறார் என்று ஆள் வந்தபோது, அவர் அறை ஏசி மறுபடியும் ஒழுகுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, கையில் ஸ்க்ரூடிரைவரோடுதான் மாடி ஏறிப்போனாள். அங்கே ஏசி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநருக்கு எதிரே ஆஸ்பத்திரியின் வக்கீல் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒரு தடித்த உறை. அதன்மேல் இரண்டு பெயர்கள் அச்சடித்திருந்தன. முதல் பெயர் ஆஸ்பத்திரியுடையது. இரண்டாவது அவளுடையது.

தன் முழுப்பெயரை ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லாமல் யாரோ அச்சடித்திருக்கிறார்களே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. உள்ளே இருந்த தாளில் இரண்டாவது வரியைப் படித்ததும் அந்த ஆச்சரியம் போன இடம் தெரியவில்லை.

விஷயம் ஒரு வால்வு. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய சமாச்சாரம். குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சுக் கொடுக்கும் மெஷினில், குழந்தை விடும் மூச்சு வெளியே போகிற வழியில் அது உட்கார்ந்திருக்கும். பிளாஸ்டிக் மூடிக்குள் மெல்லிய சிலிக்கான் சவ்வு. மூச்சு வெளியே வரும்போது சவ்வு எழும்பி வழிவிடும்; மற்ற நேரம் அமர்ந்துகொள்ளும். அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்கிற உரிமை உலகத்தில் ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் இருந்தது. அந்தக் கம்பெனி மெஷினின் புது மாடலைக் கொண்டுவந்த பிறகு, பழைய மாடலுக்கான வால்வைக் கேட்டால் ஆறு வாரம் ஆகும் என்று பதில் எழுதியது. ஆறு வாரம் எட்டு வாரமானதும் உண்டு.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்த எட்டு மெஷின்களில் மூன்று, வால்வு இல்லாமல் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வார்டு ஓரத்தில் நின்றன. ஒருநாள் மத்தியானம் மெஷின் காலி இல்லை என்று ஒரு குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பினார்கள். ஸ்பேனரக்கா அப்போது வார்டில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டிருந்தாள். ஏணிமேல் நின்றபடி அந்தக் குழந்தை போவதைப் பார்த்தாள். அது என்னவாயிற்று என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் ஒரு பழைய வால்வைக் கத்தியால் பிளந்து பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள்.

பதினெட்டு நாள் ஆயிற்று. பித்தளையில் அச்சு கடைந்து, சிலிக்கானை ஊற்றி, பாதிக்கு மேல் பாழாக்கி, கடைசியில் ஒன்று கச்சிதமாக வந்தது. குழந்தை டாக்டர் அதை ஒரு வாரம் காற்றுப்பையில் மாட்டி அழுத்தம் அளந்து பார்த்துவிட்டு, போடலாம் என்றார். மூன்று மெஷின்களின் துணியையும் உருவினார்கள். அவள் அந்த வரைபடத்தை, ஆஸ்பத்திரி மெக்கானிக்குகள் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் இணையதளம் ஒன்றில் போட்டுவைத்தாள். ஐந்து ஆஸ்பத்திரிகளிலிருந்து, நாங்களும் செய்துகொண்டோம், நன்றாக வேலை செய்கிறது என்று எழுதினார்கள். அவளுடைய வாழ்க்கையில் அத்தனை நன்றி மொத்தமாக வந்ததில்லை. ஒன்பது மாதம் அந்தச் சந்தோஷத்தில் போயிற்று. இப்போது உறை வந்திருக்கிறது.

வக்கீல் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே சொன்னார். கம்பெனி, காப்புரிமையை மீறியதாக வழக்குப் போட்டிருக்கிறது. வியாழக்கிழமை நீதிமன்றத்தின் ஆள் வந்து அவள் அறையைச் சோதனை போடுவார். அதுவரை அச்சைத் தொடக் கூடாது, ஒளிக்கவும் கூடாது. முக்கியமாக, வால்வைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. கடிதம், போன், இணையதளம் எதுவும் வேண்டாம்.

“நீங்க சாதாரணமா ஹலோ சொன்னாலும் அதை அவங்க சாட்சியமா மாத்திடுவாங்கம்மா,” என்றார். “நாலு நாள் ஊமையா இருங்க. மீதியை நான் பாத்துக்கறேன்.”

மெஷின்களில் மாட்டியிருக்கும் வால்வுகளை என்ன செய்வது என்று இயக்குநர் கேட்டார். மாற்று இல்லாதபோது கழற்றச் சொல்ல முடியாது, அது டாக்டர் முடிவு என்றார் வக்கீல். போகும்போது, நோட்டீஸோடு இணைத்திருந்த காப்புரிமை ஆவணத்தை அவளிடம் கொடுத்து, தன் வால்வு அதிலிருந்து எந்த விதத்திலாவது வித்தியாசப்படுகிறதா என்று பார்த்துவைக்கச் சொன்னார். ஒரு சின்ன வித்தியாசம் கிடைத்தால்கூடப் பிடித்துக்கொள்ளலாமாம். நாற்பத்தொரு பக்கம்.

அவள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அதைப் படிக்கவில்லை. அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் புருஷன் கடைக்குப் போனாள்.

அவள் புருஷன் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். இந்த மாதிரி உறைகளைப் பற்றி அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், பாடப் புத்தகங்களை முழுசு முழுசாகப் பிரதி எடுத்துக் கொடுக்கிறான் என்று பதிப்பகத்தார் போலீஸோடு வந்து அவனுடைய இரண்டு மெஷின்களுக்கும் சீல் வைத்தார்கள். பதினொரு நாள் கடை பூட்டிக் கிடந்தது. புத்தகம் வாங்க வழியில்லாத பிள்ளைகள்தான் கேட்டார்கள் என்று அவன் சொன்னது உண்மை. அந்தப் புத்தகத்தைப் பத்து வருஷம் உட்கார்ந்து எழுதிய பேராசிரியர், தனக்கு இந்தக் கல்லூரியிலிருந்து ஒரு பிரதிகூட விற்கவில்லை என்று அவனிடமே வந்து சொன்னதும் உண்மை. அந்த மனிதரின் சட்டைக் காலர் நைந்து போயிருந்தது அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அவன் கை தானாக மெஷின் சுவிட்சுக்குப் போகும்.

உறையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் பெண்டாட்டிக்கு முன்னால் பயத்தைக் காட்டிக்கொள்ளாத ஆண்பிள்ளை வீம்பில், நாற்பத்தொரு பக்கத்தையும் கையில் எடை பார்த்துவிட்டுக் கேட்டான். “இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கலாமா? இல்லே, அதுக்கும் தனியா ஒரு நோட்டீஸ் அனுப்புவானா?”

அவள் சிரிக்கவில்லை. கடையின் பின்பக்கம், இரண்டு மெஷின்களுக்கு நடுவில் காகிதக் கட்டுமேல் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள்.

அது மனிதர்கள் பேசுகிற மொழியில் இல்லை. ஒரு வாக்கியம் தொடங்கினால் அரைப் பக்கத்துக்கு மூச்சு விடாமல் ஓடியது. மூடி என்றால் மூடி என்று சொல்லாமல், மேற்சொன்ன உறுப்பை மேற்சொன்ன விதத்தில் உள்ளடக்கும் உறுப்பு என்று சொன்னது. படங்கள்தான் அவளுக்குக் கை கொடுத்தன. படத்தைப் பார்த்து வரியைப் பிடித்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனாள். வித்தியாசம் எதுவும் இல்லை. அவள் செய்தது அச்சு அசல் அதுவேதான். தன் மூளையில் உதித்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த ஒரு சின்ன சரிவுகூட எட்டாம் பக்கத்தில் இலக்கம் போட்டு உட்கார்ந்திருந்தது. வேலை போகும். பென்ஷன் போகும். இந்தக் கடையையும் எழுதிக் கேட்பார்களோ என்னவோ.

பதினான்காம் பக்கத்தில், முப்பத்தோராவது பத்தியில், ஒரு வித்தியாசம் கிடைத்தது.

சவ்வு அமரும் வட்ட விளிம்பின்மேல் மூன்று மெல்லிய மேடுகள் இருக்க வேண்டும் என்றது அந்தப் பத்தி. தலைமுடிப் பருமனில் மூன்று கோடுகள். அவளுக்கு ஞாபகம் இருந்தது. பழைய வால்வைப் பிளந்தபோது பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். அச்சில் வார்த்தபோது தங்கிய பிசிறு என்று நினைத்துத் தன் அச்சில் அவற்றை வழவழவென்று இழைத்து எடுத்துவிட்டாள். தன் வேலை கம்பெனி வேலையைவிடச் சுத்தம் என்று அன்றைக்குக் கொஞ்சம் கர்வம்கூடப் பட்டாள்.

வித்தியாசம் கிடைத்ததே என்று ஒரு கணம் நெஞ்சு லேசாயிற்று. அடுத்த வரியைப் படித்தாள்.

ஈரமான வெப்பக் காற்று நாற்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து போனால், சவ்வுக்கும் விளிம்புக்கும் நடுவே நீர்ப்படலம் படியும். சவ்வு விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். அப்போது மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. நுரையீரலில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த மூன்று மேடுகளும் இதைத் தடுக்கத்தான்.

அவள் அந்தப் பத்தியை மூன்று முறை படித்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அவள் காதில் விழவில்லை. புருஷன் வந்து தோளைத் தொட்டபோது பேயறைந்தவள் மாதிரி அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் பயந்ததெல்லாம் எவ்வளவு சின்னப் பயம் என்று தோன்றியது.

முதலில் வார்டு சிஸ்டருக்குப் போன் செய்தாள். வால்வைத் தினமும் மாற்றுகிறீர்களா என்று கேட்டாள். சிஸ்டர் கோபித்துக்கொண்டாள். காலை ஏழு மணிக்கு எல்லா வால்வையும் கழற்றிக் கொதிநீரில் போட்டு வேறு மாட்டுவது இந்த வார்டில் விதி, ஞாயிற்றுக்கிழமைகூட விட்டதில்லை. இனிமேல் காலையும் சாயங்காலமும் மாற்றுங்கள் என்று ஸ்பேனரக்கா சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். மறுமுனையில் சிஸ்டர் யாரையோ கூப்பிட்டு, உடனே கொதிநீர் போடச் சொன்னது கேட்டது. ஒன்பது மாதம் அந்த மூன்று மெஷின்களிலும் கிடந்த குழந்தைகளின் மூச்சு, ஒரு சிஸ்டரின் பிடிவாதத்தில் ஓடியிருக்கிறது. ஸ்பேனரக்காவின் சாமர்த்தியத்தில் இல்லை.

அடுத்தது அந்த ஐந்து ஆஸ்பத்திரிகள்.

புருஷன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தான். வக்கீல் சொன்னதை அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

“நீ இப்ப போன் பண்ணி, என் வால்வு கோளாறுன்னு சொன்னா, செஞ்சது நான்தான்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“ஆமா. ஒத்துக்கறேன்.”

“வழக்கு மட்டும் இல்லே. எங்கேயாவது ஏதாவது ஆகியிருந்தா, அதுவும் உன் தலையிலதான் வந்து விழும்.”

“அது ஏற்கெனவே என் தலையிலதான் இருக்கு. இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கு.”

அவன் கடைத் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினான்.

முதல் ஆஸ்பத்திரியில் அந்த வாரம் மெஷினில் குழந்தையே இல்லை. இரண்டாவதில் அசல் வால்வு வந்துவிட்டது, இவளுடையதை எடுத்துப் பெட்டியில் போட்டாயிற்று. மூன்றாவதிலும் நான்காவதிலும் மாட்டியிருந்தார்கள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் செருப்புச் சத்தத்தோடு வார்டை நோக்கி ஓடியது கேட்டது. ஐந்தாவதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. பதினொரு தடவை முயன்றாள். அது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மூன்று மணி நேரப் பஸ் பயணம். மணி அப்போது பன்னிரண்டரை. புருஷன் அலமாரியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பையில் வைத்து, தொடர்ந்து போன் அடித்துக்கொண்டிருக்கிறேன், நீ கிளம்பு என்றான்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே என்ன பார்த்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் இறங்கி யாரோடாவது பேசினார். முன் சீட்டில் ஒரு அம்மா கைக்குழந்தையைத் தோளில் சாய்த்திருந்தாள். அந்தக் குழந்தையின் முதுகு ஏறி இறங்குவதை ஸ்பேனரக்கா எண்ணிக்கொண்டே வந்தாள். ஒரு மூச்சு கொஞ்சம் தாமதமானால் இவளுக்கு மூச்சு நின்றது. மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாற்பது மணி நேரம். சனிக்கிழமை சாயங்காலம் மாட்டியிருந்தால் இன்றைக்குக் காலையோடு முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் முதலில் பார்த்தது ஜெனரேட்டர்காரரை. அங்கே மெக்கானிக்கும் அவர்தான், ஜெனரேட்டர் ஓட்டுபவரும் அவர்தான், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுபவரும் அவர்தான். இவள் இன்னார் என்று சொன்னதும் மனுஷன் முகம் பூரித்துவிட்டது. உள்ளே ஓடி ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். இவள் வரைபடத்தைப் பார்த்து அவர் செய்த வால்வுகள், ஒரு டஜன், பஞ்சில் வரிசையாகப் படுத்திருந்தன. இவளுடையதைவிடப் பளபளப்பாக இருந்தன. அவரிடம் எப்படிச் சொல்வது என்று இவளுக்குத் தெரியவில்லை. குழந்தை எங்கே என்று மட்டும் கேட்டாள்.

வார்டில் ஒரே ஒரு மெஷின். ஒரே ஒரு குழந்தை. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். மூன்றாம் நாள் என்றாள் நர்ஸ். வால்வு மாட்டியதும் மூன்றாம் நாள்தான். அதை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வரைபடத்தில் எழுதியிருக்கவில்லை.

“காலையில இருந்து ரெண்டு தடவை மெஷின் கத்திச்சு,” என்றாள் நர்ஸ். “நகத்தால வால்வைச் சுண்டி விட்டேன். சரியாயிடுச்சு.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, மெஷின் மறுபடியும் கத்தியது. திரையில் எண் ஏறத் தொடங்கியது. குழந்தையின் மார்பு மேலே எழும்பியது எழும்பியபடியே நின்றது. நர்ஸின் விரல் வால்வை நோக்கிப் போனது. ஸ்பேனரக்கா அதை முந்திக்கொண்டு வால்வைக் குழாயோடு பிடுங்கினாள். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. குழந்தையின் மார்பு இறங்கியது. ஒரு கணம் அப்படியே கிடந்தது. பிறகு தானாக ஏறி இறங்க ஆரம்பித்தது.

அசல் வால்வு அங்கே கிடையாது. இந்த மெஷின்கள் வருவதற்கு முன்னால் எல்லா இடத்திலும் செய்துகொண்டிருந்த ஒன்று அவளுக்குத் தெரியும்: மூச்சு வெளியேறும் குழாயின் நுனியைப் பாட்டில் தண்ணீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்த்துவது. தண்ணீரே வால்வின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு எவரும் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் தானாக மூச்சு விடத் தெம்புள்ள குழந்தைக்குத்தான் அது சரிப்படும். தண்ணீர் மட்டம் இறங்காமல் ஒரு ஆள் கண்கொட்டாமல் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். ஓடிவந்த டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பாட்டிலை வைத்தார்கள். குமிழ்கள் வந்தன. குழந்தையின் நிறம் திரும்பியது.

பிடுங்கிய வால்வை ஜெனரேட்டர்காரர் திறந்தார். சவ்வு விளிம்போடு ஒட்டிக்கிடந்தது. நகத்தால் நெம்பியபோது நனைந்த தபால்தலை மாதிரி உரிந்து வந்தது. அவர் டப்பாவை மூடினார். அதற்குப் பிறகு அவர் இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே குழந்தையின் அம்மா நின்றிருந்தாள். வெளியே வந்த இவளிடம், என்ன ஆயிற்று, எதற்கு எல்லோரும் ஓடினார்கள் என்று கேட்டாள். ஒரு பாகத்தை மாற்றினோம், இப்போது நன்றாக இருக்கிறது என்றாள் ஸ்பேனரக்கா. அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் இவளுக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்லவும் தெம்பில்லை.

அதற்குப் பதிலாகத்தானோ என்னவோ, அந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் நடந்தது முழுவதையும் எழுதினாள். வரைபடம் தன்னுடையது, மூன்று மேடுகளை விட்டது தன் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் அதையே இணையதளத்திலும் போட்டு, ஒரு பிரதியை வக்கீல் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். வக்கீல் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை, இனி இந்த வழக்கில் தான் செய்ய ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னார். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது.

வியாழக்கிழமை சொன்னபடி வந்தார்கள். நீதிமன்றத்தின் ஆள், கம்பெனி வக்கீல், கூடவே வெளுத்த சட்டையும் தேய்ந்த பையுமாக ஒரு மனிதர். மற்ற இருவரும் பட்டியல் எழுதிக்கொண்டிருக்க, அந்த மனிதர் அவளுடைய பித்தளை அச்சை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆவணத்தின் முதல் பக்கத்தில் கண்டுபிடித்தவர் என்று போட்டிருந்த பெயர் அவருடையது.

“கையால கடைஞ்சதா?” என்று கேட்டார்.

அவள் தலையசைத்தாள். அவர் விரல் அந்த வழவழப்பான விளிம்பில் போய் நின்றது.

“முதல்ல நானும் இப்படித்தான் செஞ்சேன். வழவழன்னு.” கொஞ்சம் நிறுத்தினார். “ரெண்டு குழந்தைங்க. ஒரே மாசத்துல. அதுக்கப்புறம் அந்த மூணு கோட்டைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு. அந்த நாலு வருஷமும் கம்பெனிதான் எனக்குச் சோறு போட்டுச்சு. உரிமைன்னு ஒண்ணு இல்லேன்னா எவனும் போட்டிருக்க மாட்டான்.”

அவளும் அந்த விளிம்பைப் பார்த்தாள். ஆனாலும் கேட்டாள். “உங்க வால்வு ஆறு வாரம் வரலேன்னுதான் நான் செஞ்சேன். அந்த ஆறு வாரத்துல எங்க வார்டுல இருந்து ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பினோம். அதை எந்தப் பத்தியில எழுதுவீங்க?”

அவர் அச்சை மேஜைமேல் வைத்தார்.

“பழைய மாடலுக்கு நிறையச் செய்யச் சொல்லி நானும் எழுதிப் பாத்தேன்,” என்றார் கடைசியில். “கேக்கலே. நானாவது தனியாச் செஞ்சு கொடுக்கலாம்னா, எனக்கும் உரிமை கிடையாது. கம்பெனியை விட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கு அடையாளம் காட்டத்தான் கூப்பிட்டாங்க. அந்தத் தாள்ல பேரு மட்டும்தான் என்னோடது.”

கம்பெனி வக்கீல் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவர் கண்ணில் வந்துபோன பயம் என்ன என்று ஸ்பேனரக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது. நாலு நாளாக அதைத்தான் அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழக்கு நீதிபதி முன்னால் போகவில்லை. கோளாறான வால்வு செய்ததை அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். அது கம்பெனிக்கு வசதி. ஆறு வாரம் வால்வு வராமல் ஒரு குழந்தை திரும்பிப்போனது செய்தித்தாளில் வந்தால் அது கம்பெனிக்கு அசௌகரியம். இரண்டும் சேர்ந்து ஒரு சமரசத்தில் முடிந்தது. அவள் இனிமேல் அந்த வால்வைச் செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டாள். கம்பெனி, பழைய மாடலுக்கும் பத்து நாளில் வால்வு தருவதாக ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் தந்தது. பித்தளை அச்சை அவள் கண்ணெதிரே அறுத்தார்கள். ஆஸ்பத்திரி அவளை வேலையைவிட்டு எடுக்கவில்லை, ஆனால் எட்டு மாதம் சாமான் கிடங்கில் உட்காரவைத்தது. குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போயிற்று என்று ஜெனரேட்டர்காரர் ஒரு வரி எழுதியிருந்தார். அவருக்கு அவள் பதில் எழுதினாள். அதற்கு மறுபதில் வரவில்லை.

கிடங்கில் இருந்த மாதங்களில் அவள் வேறொன்றைச் செய்தாள். தண்ணீர்ப் பாட்டிலின் மட்டம் தானாகவே இறங்காமல் நிற்க ஒரு சாதாரண மிதவை. ஒவ்வொரு கோடு போடும்போதும் இந்தக் கோடு யாருக்காவது சொந்தமோ என்று கை தயங்கியது. புருஷன் கடையில் காப்புரிமை ஆவணங்களைக் கட்டுக்கட்டாக அச்சடித்துப் படித்தாள். அந்த மொழி இப்போது பழகிவிட்டது. எங்கே தப்பாகும், ஏன் தப்பாகும் என்று அவற்றில் எவ்வளவோ மனிதர்கள் எழுதிவைத்திருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் யாருமே அதைப் படித்ததாகத் தெரியவில்லை. அவற்றில் மூன்று அவள் வழியை மறித்தன. மூன்றையும் சுற்றிப் போக வேண்டியிருந்தது. சுற்றிப் போனதில் மிதவை முன்பைவிட எளிமையாயிற்று என்பதை அவள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு நாமே காப்புரிமை வாங்கிவிடலாம் என்றார் ஆஸ்பத்திரி வக்கீல். கண்டுபிடித்தவர் இடத்தில் அவள் பெயர் வரும், உரிமை ஆஸ்பத்திரிக்கு. அவள் ஒரு வாரம் யோசித்தாள். வெளுத்த சட்டைக்காரர் சொன்ன நாலு வருஷத்தையும் யோசித்தாள், துணி போர்த்திக்கொண்டு நின்ற மெஷின்களையும் யோசித்தாள். எது சரி என்று அவளுக்குக் கடைசிவரை தெளியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரைபடத்தை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டாள். மிதவை எப்போதெல்லாம் குழந்தைக்கு ஆபத்தாகும் என்பதை மேலேயே, படத்துக்கு முன்னால், பெரிய எழுத்தில் எழுதினாள். அதற்குக் கீழே தன் போன் நம்பரைக் கொடுத்தாள்.

இப்போது தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் அவளுக்கு அழைப்பு வருகிறது. சந்தேகம் கேட்பார்கள். சிலர் வெறுமனே நன்றி சொல்லத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மணி அடித்து, அவள் எடுத்து, அந்தப் பக்கத்தில் ஒரு குரல் பேசத் தொடங்குகிற வரைக்கும், அவள் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.